ஹால்ல யார் படுக்கலாம்?

போன மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு காரைக்குடி போயிருந்தேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழைய சாமான் கடைகள். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பொருள்: ஹாலில் போட ஒரு திவான்.

காரணம் அம்மாவோட முழங்கால். மத்தியானம் அடுப்படி ஓரமா பாய் விரிச்சு அரை மணி நேரம் கண்ணசருவாங்க. இப்போ தரையில படுத்தா எழுந்திருக்க முடியல. என் வாடகை வீட்டில் ரெண்டு பெட்ரூம். ஒண்ணுல பகல் பூரா நான் மீட்டிங்கில் கத்திக்கிட்டு இருப்பேன், இன்னொண்ணுல அப்பா டிவியோட. மிச்சம் ஹால்தான்.

கடையில் தேக்கில் செஞ்சு பிரம்பு பின்னின திவான் ஒன்று. "படுத்துப் பாரும்மா"ன்னேன். சுத்திமுத்தும் பாத்துட்டு, "நான் எங்கடா ஹால்ல படுக்கப் போறேன்? உங்கப்பா உயரத்துக்குப் பத்துமான்னு பாரு"ன்னாங்க.

அன்னைக்கு எதுவும் வாங்கலை. திரும்பி வர்ற பஸ்ஸில் அதே யோசனை. எங்க பழைய வீட்டு ஹாலிலும் திவான் இருந்தது. தாத்தா அதில் படுத்திருக்கார். அப்பா, ஊர்லேர்ந்து வர்ற மாமா, செமஸ்டர் லீவில் நான், எல்லாரும் படுத்திருக்கோம். அம்மா அதன் ஓரத்தில் உட்கார்ந்து துணி மடிச்சுப் பாத்திருக்கேன். படுத்துப் பாத்ததே இல்லை.

எங்க வீட்டுப் பழக்கம்னுதான் நினைச்சேன். தேடிப் படிச்சா, இது 2,500 வருஷத்துப் பழக்கம்.

பண்டைய கிரேக்கர்கள் விருந்தில் 'கிளினே' என்ற கட்டிலில் சாய்ந்தபடிதான் சாப்பிட்டார்கள், குடித்தார்கள். சாய்ந்தவர்கள் ஆண்கள். குடும்பப் பெண்களுக்கு அந்தக் குடிவிருந்தில் இடமே கிடையாது. கல்லறைச் சிற்பங்களில் கணவன் கட்டிலில் சாய்ந்திருப்பான், மனைவி கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள். நம்ம ஊர் காலண்டரில் பள்ளிகொண்ட பெருமாள் காலடியில் லட்சுமி உட்கார்ந்திருக்கிற படம் ஞாபகம் வருதா? எனக்கு வந்தது.

அதே காலத்தில் இத்தாலியில் எட்ருஸ்கர்கள் வேற மாதிரி. செர்வெதெரி என்ற ஊரில் கிடைத்த சுடுமண் ஈமப்பெட்டி ஒன்று இன்று ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. அதன் மேல் கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில், பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்து, சிரித்த முகத்தோடு. படத்தைத் தேடிப் பாருங்க, இருவரும் ஏதோ ஜோக் கேட்டுக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும். இந்தப் பழக்கம் கிரேக்கர்களுக்குத் தாங்கலை. எட்ருஸ்கப் பெண்கள் அடுத்த ஆண்களோட சாய்ந்து சாப்பிடுறாங்கன்னு தியோபாம்பஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியே வெச்சுட்டார். அந்தக் காலத்து வாட்ஸ்அப் ஃபார்வர்டு.

என்னை உட்கார வெச்ச தகவல் ரோமிலிருந்து. கி.பி. முதல் நூற்றாண்டில் வலேரியஸ் மாக்சிமஸ் என்பவர் பழைய வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். முன்பு ஆண்கள் சாய்ந்தும் பெண்கள் உட்கார்ந்தும் சாப்பிட்டார்களாம். மனுஷங்க மட்டும் இல்ல. ஜூபிடர் கோவில் விருந்தில் ஜூபிடருக்குக் கட்டில், ஜூனோவுக்கும் மினர்வாவுக்கும் நாற்காலி! அவர் காலத்தில் வீட்டுப் பெண்கள் அந்த ஒழுங்கை விட்டுட்டாங்க, தேவிகள் மட்டும்தான் காப்பாத்திக்கிட்டு இருக்காங்கன்னு வேற குறைப்பட்டுக்கிறார்.

'திவான்' என்ற சொல்லின் கதையும் கிட்டத்தட்ட இதே வீதிதான். பாரசீகத்திலிருந்து வந்த சொல். 7-ஆம் நூற்றாண்டில் அரபு ஆட்சியில் அது சம்பளப் பதிவேடு. என் பாஷையில் சொன்னா ஒரு டேட்டாபேஸ். அப்புறம் அந்தப் பதிவேடு இருக்கிற அலுவலகம், அதுக்கப்புறம் ஆட்சி மன்றம். ஒட்டோமான் அமைச்சர்கள் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில், சுவரை ஒட்டி மெத்தை போட்ட நீள இருக்கையில் உட்கார்ந்து ஆலோசனை செய்வார்கள். கடைசியில் அந்த இருக்கைக்கே 'திவான்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கே பதவியும் வந்தது, திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் மாதிரி. பிறகு சாமானும் வந்தது. அதிகாரம் உட்கார்ந்த இடம் நம்ம ஹாலுக்கு வந்து சேர்ந்திருக்கு.

இன்னும் ஒருத்தரைச் சொல்லணும். 1927-ல் ஷார்லோட் பெரியாண்ட் பாரிஸில் லெ கார்புசியேயிடம் வேலை கேட்டுப் போனார். இங்கே யாரும் தலையணையில் பூ வேலை செய்றதில்லைன்னு அவர் திருப்பி அனுப்பினார். அப்புறம் அவருடைய வேலையைப் பார்த்துட்டுச் சேர்த்துக்கொண்டார். 1928-ல் அவர்கள் வடிவமைத்த சாய்வுக் கட்டிலின் புகழ்பெற்ற போட்டோவில் படுத்திருப்பவர் பெரியாண்ட்தான். முகம் தெரியாமல் திரும்பியிருக்கும். ரொம்ப நாள் அந்தக் கட்டில் 'கார்புசியே கட்டில்' என்றே பேசப்பட்டது.

சரி, எதை வாங்குறது? பழசா இருந்தாலே 'ஆண்டிக்'னு சொல்லிடுறோம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறைந்தது 100 வயசு கேட்குது. 50, 60 வயசுச் சாமான் 'விண்டேஜ்'. அதில் தப்பில்லை, ஆனா ஆண்டிக் விலை கொடுக்காதீங்க. மரத்தில் சின்னச் சின்ன ஓட்டை இருந்தா தட்டிப் பாருங்க. புதுசா மாவு மாதிரி தூள் கொட்டினா, வண்டு இன்னும் உள்ளே இருக்கு. வேண்டாம்.

புது பிளைவுட் திவான்களில் அடியில் பெட்டி இருக்கும், போர்வை வைக்கலாம். எனக்கும் அதுதான் பிடிச்சிருந்தது. ஆனா எழுந்திருக்கும்போது பாதத்தைக் கொஞ்சம் பின்னாடி இழுத்துக்கணும். பெட்டி தரை வரைக்கும் அடைச்சுக்கிட்டா பாதம் போக இடம் இல்லை, முழங்கால் வலிக்காரங்களுக்குக் கஷ்டம். அம்மா ஷோரூமில் உட்கார்ந்து எழுந்தப்போதான் எனக்கு அது புரிஞ்சது. மெத்துன்னு அமுங்குற ஃபோமும் அதே மாதிரி உள்ளே இழுத்துக்கும்.

கடைசியில் அந்தக் காரைக்குடிப் பிரம்புத் திவானையே லாரியில் போட்டு வரவழைச்சோம். ஆண்டிக் இல்லை, விண்டேஜ்தான். உயரம் 14 அங்குலம், மேலே 4 அங்குலத்துக்கு இலவம்பஞ்சு மெத்தை. அடியில் காலியிடம்.

முதல் வாரம் அம்மா அதில் துணிதான் மடிச்சாங்க. அப்பா மத்தியானம் வந்து படுத்தார். "அது அம்மாவுக்கு"ன்னு சொன்னதும் ஒண்ணும் பேசாம எழுந்து போனார், கொஞ்சம் கோபம்தான்.

போன வியாழக்கிழமை ஒரு கால் முடிச்சுட்டு வெளியே வந்தா, அம்மா ஃபேனுக்கு நேரா காலை நீட்டிப் படுத்திருக்காங்க. அந்த நேரம் பார்த்து காலிங் பெல். சட்டுனு எழுந்து புடவையைச் சரி பண்ணிக்கிட்டாங்க. கூரியர்தான்.

உங்க வீட்டு ஹால்ல யாரெல்லாம் படுப்பாங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.