பொழுது சாய்வதற்குள்

போர்ட் பிளேயரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம்) காலையில் கிளம்பி ஒரு மலை ஏறி இறங்கி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப எங்கே போகலாம் என்று கேட்டால், முதலில் வரும் பெயர் ஹாரியட் மலை. சாத்தம் துறையில் வண்டியோடு படகு ஏறி, எதிர்க்கரையில் பேம்பூ ஃபிளாட்டில் இறங்கி, ஹோப் டவுன் பக்கமாக மேலே போக வேண்டும். உயரம் 365 மீட்டர்தான். கொடைக்கானல்காரர்கள் இதை மேடு என்பார்கள். ரட்லாந்து தீவின் ஃபோர்டு மலை இதைவிட உயரம். வட அந்தமானின் சேடில் பீக் 732 மீட்டர், ஏறக்குறைய இதன் இரு மடங்கு. இருந்தும் நகரத்துக்காரர்களின் கால் இந்தப் பக்கமே போகிறது. பக்கத்தில் இருக்கிறது, பாதை இருக்கிறது, அதனால் போகிறார்கள் என்பது சரியான பதில்தான். ஆனால் அந்தப் பக்கமும் பாதையும் எப்படி வந்தன என்று கேட்டால் சிறைக் குடியிருப்பில் போய் நிற்போம். காலையில் போ, மாலைக்குள் திரும்பு என்பது இங்கே உல்லாச நடையின் விதி ஆவதற்கு முன்பு கைதிகளின் விதியாக இருந்தது.

தமிழில் தீவுக்கு நாடு கடத்தும் தண்டனைக்கென்றே ஒரு சொல் உண்டு: தீவாந்திர சிட்சை. 1802இல் சிவகங்கை துரைசாமி உள்ளிட்டோரைத் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு அனுப்பிய காலத்திலேயே தீவு என்றால் திரும்பி வராத இடம். அந்தமானில் அந்தத் தண்டனை நிலைபெற்றது 1858 மார்ச் 10 அன்று, ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கியபோது. முதல் சில வாரங்களிலேயே பலர் காட்டுக்குள் ஓடினார்கள். காட்டைக் கடந்தால் பர்மா வந்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். நடுவில் கடல் இருப்பது தெரியாது. இந்தத் தீவுகளில் வெளியூர்க்காரர்கள் நடந்த நெடுநடை அது. பலர் பசியிலும் அம்பிலும் செத்தார்கள். பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை வாக்கர் தூக்கிலிட்டார். பின்னாளில், ஓடியவர்களைப் பிடித்துக் கொடுக்கும் வேலை, வெகுமதியோடு, அந்தமானியப் பழங்குடிகளிடமே கொடுக்கப்பட்டது. மாலையில் தலையெண்ணும்போது இருப்பவன் கைதி, இல்லாதவன் தப்பியோடி. ஒருநாளில் போய்வரக்கூடிய தூரம் என்ற அளவு இங்கே அப்படித்தான் பிறந்தது.

மலைக்கு ஹாரியட் என்று பெயர் வந்தது 1862 முதல் 1864 வரை குடியிருப்பின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவியால். 1857 தில்லி முற்றுகையை நேரில் கண்டவர் அவர். முற்றுகையிட்டு வென்ற தரப்பின் பெண்ணுடைய பெயர், அந்த 1857 கலகத்துக்காக நாடு கடத்தப்பட்டவர்கள் மண் சுமந்த தீவில் ஒரு மலைக்கு வைக்கப்பட்டது. பின்னர் உச்சியில் தலைமை ஆணையரின் கோடைக்கால இருப்பிடம் எழுந்தது. 365 மீட்டர் ஏறினால் வெப்பம் இரண்டு டிகிரிதான் குறையும். ஊட்டிக் குளிரை அங்கே யாரும் தேடவில்லை. சதுப்பின் கெட்ட காற்றுதான் காய்ச்சலைத் தருகிறது என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது. உச்சியின் கடற்காற்று மருந்தாகத் தெரிந்தது.

அந்த மருந்தைப் பார்வையிடத்தான் 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு மலை ஏறினார். சிறைகளைப் பார்த்து முடித்தபோது மாலை ஆகிவிட்டது. ஒரு மணி நேர வெளிச்சம் மிச்சம். நோயாளிகளுக்கு ஆரோக்கிய விடுதி கட்ட இடம் சரிப்படுமா என்று பார்க்கலாம் என்று படகில் ஹோப் டவுனுக்கு வந்தார். மேலே சூரியன் மறைவதை ரசித்துவிட்டு, தீப்பந்த வெளிச்சத்தில் இறங்கினார். துறையில் ஷேர் அலி அஃப்ரிடி கத்தியோடு பாய்ந்தான். பெஷாவரில் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, நன்னடத்தையால் ஹோப் டவுனில் நாவிதனாகச் சுற்றித் திரிய விடப்பட்டவன் அவன். ஹன்டர் எழுதிய மேயோவின் வாழ்க்கை வரலாறு சொல்லும் ஒரு விவரத்தைப் பலரும் கவனிப்பதில்லை: ஷேர் அலியும் அன்று மலை ஏறினான். புதர்களுக்குள் வைஸ்ராயைத் தொடர்ந்து மேலே போய், வாய்ப்புக் கிடைக்காமல் கீழே இறங்கிவிட்டான். ஆக அன்று மாலை ஒரே மலையை இருவர் ஏறி இறங்கினார்கள். ஒருவருக்கு அது காட்சி, இன்னொருவனுக்கு வேட்டை. இந்தியாவில் பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் மேயோ. ஷேர் அலியை அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள்.

மாலைக்குள் திரும்பும் விதி சிறையிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு மறுப்பு எழும். மாலைக்குள் திரும்பச் சொல்வது சூரியன், சிறையல்ல. தீவுகள் கிழக்கே வெகுதூரம் தள்ளியிருந்தும் இந்திய நேரத்திலேயே கடிகாரம் ஓடுவதால் டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்குகிறது. மழைக்காலத்தில் அட்டை வேறு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் திரும்ப வேண்டும் என்பதைத்தான் சூரியன் விளக்கும். ஏன் இந்த மலை என்பதை அது விளக்காது. அன்றைய ஆட்சித் தலைமையிடமான ராஸ் தீவுக்கு எதிரே, படகில் எட்டும் தூரத்தில், கைதிகளின் உழைப்பு கைவசம் இருந்த கரையில் இது நின்றது. தென் அந்தமானின் மேற்குக் காடுகளோ ஜாரவா பழங்குடியினருடையவை. கைதிகளின் கோடாரி அங்கே நுழைந்தபோதெல்லாம் அம்பு பதில் சொன்னது. இன்று 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு விதிமுறை நம்மை வெளியே நிறுத்துகிறது, நியாயமாகவே. நடக்கலாம், நடக்கக் கூடாது என்று இன்றைய பயணி காணும் எல்லையின் பெரும்பகுதி, அன்றைய குடியிருப்பு எதுவரை பரவ முடிந்ததோ அதன் தடம்.

இன்னும் வலுவான மறுப்பு உண்டு. வாக்கர் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கிரேட் அந்தமானியர்கள் இந்தக் காட்டில் நடந்தவர்கள். சிறைக்குப் போய் மலையின் வரலாற்றைக் கொடுக்கலாமா? காட்டின் வரலாறு அவர்களுடையதுதான். ஆனால் அவர்கள் நடந்தது தேனுக்கும் பன்றிக்கும் முகாமுக்கும். மேலே போய்க் கீழே பார்த்துவிட்டு ஊர் திரும்ப அவர்களுக்கு ஊர் என்று ஒன்று தனியாக இல்லை. 1859 மே மாதம் போர்ட் பிளேயரின் அபர்தீனில் குடியிருப்பைத் தாக்கித் தோற்ற பிறகு, நோயும் சேர்ந்து அவர்களைக் கரைத்தது. எஞ்சிய சில பத்துப் பேரின் முகவரி இப்போது ஸ்ட்ரெயிட் தீவு.

2021 அக்டோபரில் மலைக்கு மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றினார்கள். 1891 போரில் தோற்ற மன்னர் குலச்சந்திர சிங்கும் அவரோடு 22 பேரும் நாடு கடத்தப்பட்டு இங்கே வைக்கப்பட்டதன் நினைவு அது. ஹாரியட்டின் பெயரைவிட இது பொருத்தமானது, ஐயமில்லை. ஆனாலும் கலகக்காரர்களில் அரசருக்கே மலை கிடைத்தது. உச்சியிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வரும் காலா பத்தர் பாறையிலிருந்து கைதிகளைத் தள்ளிக் கொன்றார்கள் என்று ஊரில் சொல்வார்கள்; பெயரில்லாதவர்களுக்கு அந்தக் கதைதான் கல்வெட்டு.

தமிழ்நாட்டில் பலரும் இந்த மலையிலிருந்து தெரியும் காட்சியை அறியாமலே பையில் வைத்திருந்தார்கள். 2001இல் வந்த செம்மஞ்சள் இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னைகளுக்கு நடுவே தெரிவது வடக்கு விரிகுடாதான். மலைக்கு ஏறும் பாதை மட்டும் நோட்டில் இல்லை.