சலாம் வரிசையும் காலில் விழுவதும்



நெய்வேலியில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். மகளைச் சிலம்ப வகுப்பில் சேர்த்திருக்கிறாராம். "சார், மண்ணைத் தொட்டுக் கும்பிடச் சொல்றாங்க, அது சரி. தினமும் மாஸ்டர் கால்ல விழணுமாம். பாப்பா மாட்டேங்குது. இதெல்லாம் பாரம்பரியம்தானா?" என்று கேட்டார். நான் கம்பு சுற்றியவன் அல்ல, வரலாறு நடத்தியவன். அதனால் வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலம்பத்தில் களம் இறங்கியதும் செய்யும் வணக்கத்துக்குப் பல ஊர்களில் 'சலாம் வரிசை' என்று பெயர். சலாம் அரபுச் சொல். வடக்கு மாவட்டங்களில் ஆசிரியரை வஸ்தாது என்பார்கள். அது பாரசீக உஸ்தாத். பயில்வானும் குஸ்தியும்கூட அந்த வழியில் வந்தவைதான். குமரிப் பக்கம் ஆசான், நம் பக்கம் வாத்தியார். நவாபு காலத்தில் பல மொழிக்காரர்கள் ஒரே படையில் நின்ற தடம் இது என்று நினைக்கிறேன். ஆதி முதல் ஓர் எழுத்துகூட மாறாத முறை என்று யாராவது சொன்னால், வணக்கத்தின் பெயரையே நினைத்துப் பாருங்கள்.

பெயர் கிடக்கட்டும், செயலைப் பாருங்கள். மண்ணைத் தொடுவார்கள். ஆசிரியரை வணங்குவார்கள், சுற்றி நிற்கும் சபையை வணங்குவார்கள், பிறகு எதிரே நிற்பவரை. எதிரே நிற்பவரும் திருப்பி வணங்குவார். இருவர் கையிலும் நெற்றி உயரத்துக்கு மூங்கில் கம்பு. வணக்கம் முடியாமல் யாரும் கம்பை வீசக் கூடாது. மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், மண்டை உடையாமல் இருக்கவும் அதுதான் வழி. கம்பைத் தாண்டாதே, மிதிக்காதே என்பதும் அப்படித்தான். உருளும் கம்பில் கால் வைத்துப் பாருங்கள், தெரியும்.

1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதன் பிறகு பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கம்பெனி தடை போட்டது. போர்க்களம் போய்விட்டது. மாட்டுப் பொங்கலும் அம்மன் கோயில் திருவிழாவும் மிஞ்சின. சபை வணக்கம் இவ்வளவு பெரிதானது அதனால்தான் என்பது என் எண்ணம்.

காலில் விழும் வழக்கம் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கேரளக் களரியில் உண்டு. களரி என்பது 42 அடிக்கு 21 அடி குழித்தளம். வலது காலை முதலில் வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு, கன்னி மூலையில் ஏழு படி உள்ள பூத்தறையை வணங்கி, பிறகு குருக்களின் காலைத் தொடுவார்கள். ஆனால் மழைக்காலத்தில் அதே குருக்கள் மாணவனை மண்ணில் படுக்க வைத்து, எண்ணெய் தேய்த்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் காலாலேயே அவன் உடம்பை நீவி விடுவார். மாணவன் தொட்டு வணங்கிய கால் அவன் உடம்பைத் தேற்றும் காலாகவும் இருந்தது. இந்தப் பாதியை நம் வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை.

இதே களரிக்கு இன்னொரு முகமும் உண்டு. வடகரையில் ராகவன் என்பவருக்குத் தீயர் சாதி என்பதால் களரியில் இடம் மறுக்கப்பட்டது. அவர் 1949இல் தாமே ஒரு களரி தொடங்கினார். சாதி பார்க்கவில்லை, கட்டணமும் கேட்கவில்லை. தட்சிணை அவரவர் விருப்பம். அவருக்குப் பின் அதை நடத்துபவர் அவருடைய மனைவி மீனாட்சியம்மா, 2017இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஏழு வயதில் கற்கத் தொடங்கியவர். வயதுக்கு வந்ததும் பெண்களை நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம். அவருடைய அப்பா நிறுத்தவில்லை. அந்த வழக்கமும் பாரம்பரியம் என்ற பெயரில்தான் இருந்தது.

பிள்ளைகளில் பாதிப் பேர் கராத்தேவுக்குப் போவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வரிசையாக நின்று எண்ணிக்கை சொல்லி அடிப்பது புராதனம் இல்லை. 1901 வாக்கில் ஒகினாவா பள்ளிகளில் கராத்தே உடற்பயிற்சிப் பாடமானபோது வளர்ந்த ஏற்பாடு அது. வெள்ளை உடையும் கறுப்புப் பட்டையும் ஜூடோவிலிருந்து எடுத்தவை. கராத்தேயில் முதல் கறுப்புப் பட்டை 1924இல்தான். ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோவும், கராத்தேவை டோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனாகோஷியும் நம் இனம், பள்ளி வாத்தியார்கள்! அங்கேயும் மாணவன் குனிந்தால் ஆசிரியரும் குனிவார்.

மாணவரிடம் சொன்னது இதுதான். மண்ணைத் தொடட்டும், கம்பை இரு கையாலும் வாங்கட்டும், "நிறுத்து" என்றால் அந்த நொடியே நிறுத்தட்டும். சலாம் வரிசையைத் திருத்தமாகச் செய்யட்டும். கால் விஷயத்தைக் குழந்தையின் விருப்பத்துக்கு விடச் சொல்லி மாஸ்டரிடம் மரியாதையாகப் பேசு. அவள் வணங்கும்போது அவர் திருப்பி வணங்குகிறாரா, அடிபட்டால் மருந்து போடுகிறாரா, அதையும் கவனி. இல்லையென்றால் வேறு வகுப்பு பார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

சேத்தியாத்தோப்பு, புவனகிரி, ஸ்ரீமுஷ்ணம் பக்கம் அந்தக் காலத்தில் கம்பு பிடித்த தாத்தாக்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் வாத்தியாருக்கு எப்படி வணக்கம் வைத்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அவர் திருப்பி என்ன செய்தார் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.