ராம்புரா: ஜனத்தொகையும் சமூக அமைப்பும்

ராம்புரா: மைசூர் ஜில்லாவைச் சேர்ந்த கொடகஹள்ளி என்னும் சிற்றூருக்கு, மைசூரில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த சமூகவியல் அறிஞர் எம். என். ஸ்ரீநிவாஸ் (1916–1999) தம் நூல்களில் வழங்கிய புனைபெயர். 1948-இல் அவர் அங்கே தங்கி ஆராய்ந்தபோது ஜனத்தொகை 1,500-க்குச் சற்றே மிகுந்திருந்தது; அச்சிறு தொகைக்குள்ளேயே பத்தொன்பது ஹிந்து ஜாதியாரும் முஸ்லிம்களும் அடங்கியிருந்தனர். ஏறக்குறையச் சரிபாதியினர் ஒக்கலிகர் என்னும் உழவர். குருபர் என்னும் ஆட்டிடையரும் முஸ்லிம்களும் ஹரிஜனங்களும் எஞ்சியோருள் கணிசமானவர். பிராமணரும் கைத்தொழிலாளரும் மிகச் சிலரே.

ஆசார வரிசையில் பிராமணரும் லிங்காயத்தரும் மேல் ஸ்தானம் வகித்தபோதிலும், எண்ணிக்கையும் நிலவுடைமையும் ஒருங்கே பெற்ற ஒக்கலிகரிடமே கிராமத் தலைமையும் வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரமும் இருந்தமையைக் கண்டே, ‘ஆதிக்க ஜாதி’ என்னும் கருத்தை ஸ்ரீநிவாஸ் வகுத்துரைத்தார். இவ்வூரைப் பற்றி அவர் செப்பஞ்செய்த ஆய்வுக் குறிப்புகளின் மூன்று படிகளும் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் தீக்கிரையானபின், பெரும்பாலும் ஞாபகத்திலிருந்தே அவர் எழுதிய ‘நினைவில் நின்ற கிராமம்’ என்னும் ஆங்கில நூல் 1976-இல் வெளிவந்தது.

2011-இல் 30,01,127 பேரைக் கொண்டிருந்த மைசூர் ஜில்லாவில் பெரும்பான்மையோர் கிராமவாசிகளே. அவர்தம் வாழ்வை அறிய விரும்புவோர், தலைக்கணக்கோடு நிற்காமல், நிலமும் அதிகாரமும் எவரிடம் உள்ளன என்பதையும் ஆராய்தல் அவசியம் என்பதே இவ்வூர் தரும் படிப்பினை.