ஆஸ்துமாவுக்குப் புகை: மெட்ராஸில் இருந்து கப்பலேறிய ஊமத்தை

1/ மயிலாப்பூரில் இருந்து வந்த ஒரு பெரியவர். பல வருஷமா மூச்சிரைப்பு. "டாக்டர், அந்தக் காலத்துல ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைப்பாங்க, இழுப்பு நின்னுடும். இந்த இன்ஹேலர் எதுக்கு?"ன்னு கேட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியில் நம்ம ஊருக்கும் பங்கு இருக்குங்க.

2/ கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சனுக்குச் சிலை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் தலைமை மருத்துவர். சாயப் பூச்சி வளர்க்க சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டவர். 1809இல் இறந்தார்.

3/ இழுப்புக்கு ஊமத்தைப் புகை பிடிப்பது இங்கே ஏற்கெனவே இருந்த வழக்கம். ஆண்டர்சன் மூலம் அதைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட், 1802இல் பிரிட்டனுக்குக் கொண்டுபோய் டாக்டர் சிம்ஸிடம் கொடுத்தார். பின்னாளில் "ஆஸ்துமா சிகரெட்" ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்கு வந்துவிட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்ட்கூட புகைத்தவர். 20ஆம் நூற்றாண்டிலும் விற்பனை தொடர்ந்தது.

4/ எப்படி வேலை செய்தது? ஊமத்தையில் அட்ரோபின் வகைப் பொருட்கள் இருக்கு. மூச்சுக்குழாயைச் சுருக்கும் நரம்புச் சமிக்ஞையை அவை தடுக்கும். குழாய் விரியும்.

ஆனா அளவு கையில் நிற்காது. கொஞ்சம் கூடினால் படபடப்பு, மனக்குழப்பம், உயிருக்கே ஆபத்து. போதாததுக்குப் புகை வேற! தயவுசெய்து யாரும் முயற்சி பண்ணாதீங்க.

5/ இன்னொரு சிக்கல். அந்தக் காலத்தில் மூச்சிரைத்தால் பலதுக்கும் "ஆஸ்துமா"தான் பெயர். இதயம் பலவீனமா, புகையால் கெட்ட நுரையீரலா, பிரிக்க வழியில்லை. நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரை லண்டனில் ஹட்சின்சன் அறிமுகப்படுத்தியதே 1846இல்தான்.

இன்னைக்கும் இதே தப்பு நடக்குது. இழுப்பு நின்னா நோய் தெரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்லை.

6/ ஆஸ்துமாவில் குழாய்க்குள் அழற்சி இருக்கும். விரித்தால் மட்டும் போதாது, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு வேணும். சிஓபிடி என்றால் முதலில் புகையை நிறுத்தணும், நீண்ட நேரம் வேலை செய்யும் விரிப்பான் வேணும்.

அதனால்தான் ஒரே டாக்டர் போதாமல் போகுது. நுரையீரல் நிபுணர் ஊதச் சொல்லி அளப்பார். மூக்கடைப்பு, சைனஸை காது மூக்கு தொண்டை டாக்டர் பார்ப்பார். இதய டாக்டர் இதயத்தைச் சோதிப்பார். மூச்சுப் பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்ட்.

7/ பெரியவருக்கு ஊதும் டெஸ்ட் எடுத்தோம். ஆஸ்துமா இல்லை, சிஓபிடி. இத்தனை வருஷம் வேற பெயரில் வைத்தியம்!

டையோட்ரோபியம் இன்ஹேலர் எழுதினேன். "ஐயா, நீங்க கேட்ட ஊமத்தையோட பேரன்தான் இது. அட்ரோபினை மாத்தி, மைக்ரோகிராம் கணக்குல அளந்து, புகையில்லாம குடுக்கறோம்"னேன். சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டார்.

உங்க வீட்டில் யாராவது வருஷக்கணக்கா இழுப்போட இருந்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஸ்பைரோமெட்ரி எடுத்தாச்சா?"