பட்டிக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவுல நூறு வருஷம்

இன்னைக்கு எபிசோட் காரைப் பத்தி. ஆனா இன்ஜின், மைலேஜ், டர்போ எதுவும் கிடையாது. காருக்கு பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி நடக்கிற வேலை, அதோட வரலாறு. போர் அடிக்கும்னு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க, இதுல வெடிமருந்து கம்பெனி வருது, பாஞ்சோ வாசிச்ச ஒருத்தர் வர்றார்.

நான் பேசுறது ஏனாத்தூர்ல இருந்து. காஞ்சிபுரத்தை ஒட்டின ஊர், பேரைச் சொன்னா பல பேருக்கு யுனிவர்சிட்டிதான் ஞாபகம் வரும். இந்தச் சுத்துவட்டாரத்துல 'டிங்கரிங், பெயிண்டிங்' போர்டு இல்லாத மெயின் ரோடு கிடையாது. அங்க கதவுல ஒரு டென்ட்டோட வண்டியை விடுறவங்க எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: "ஒரு கதவுக்கு எதுக்குண்ணே நாலு நாள்?" ஸ்ப்ரே கன் பிடிக்கிற நேரம் பாத்தீங்கன்னா கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் தேய்க்கிறது, காய விடுறது, மறுபடி தேய்க்கிறது.

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கச்சாப் பட்டு நூல்ல கிட்டத்தட்ட கால் பங்கு எடை செரிசின்ங்கிற பசை. அதை சோப்புத் தண்ணியில கொதிக்க வெச்சு எடுத்த பிறகுதான் சாயம் சரியா ஏறும், பளபளப்பு வரும். பசை போகாத நூல்ல எவ்வளவு நல்ல சாயம் போட்டாலும் திட்டுத் திட்டாத்தான் நிக்கும். தகடும் அப்படித்தான். எண்ணெய்ப் பிசுக்கு, துரு, பழைய பெயிண்ட்டோட விளிம்பு, இதுல ஒண்ணு மிச்சம் இருந்தாலும் மேல இருக்கிற கலர் ஒருநாள் காட்டிக் கொடுத்துடும்.

சரி, மெட்ராஸுக்குப் போவோம். சிம்ப்ஸன் கம்பெனி 1840ல குதிரை வண்டி கட்டுற நிறுவனமாத்தான் ஆரம்பிச்சது. அங்க வேலை பாத்த சாமுவேல் ஜான் கிரீன்தான் 1903ல நீராவியில ஓடுற காரைக் கட்டினார், இந்தியாவிலேயே கட்டின முதல் கார்னு அதைச் சொல்றாங்க. நமக்கு இதுல முக்கியம், காரை முதல்ல கட்டினவங்க வண்டி கட்டுறவங்கங்கிறது. உலகம் முழுக்க இதே கதைதான். அதனால காருக்கு பெயிண்ட் அடிச்ச முறையும் கோச் வண்டியோட முறைதான். எண்ணெய் பெயிண்ட், அதுக்கு அடியில ஈயம் கலந்த வெள்ளைப் பூச்சு, பல கோட்டு. ஒவ்வொரு கோட்டும் காயணும், நடுவுல ப்யூமிஸ் கல்லையும் தண்ணியையும் வெச்சுத் தேய்க்கணும், கடைசியில வார்னிஷ். ஒரு வண்டி முடிய வாரக்கணக்காகும்.

ஃபேக்டரியில நிமிஷத்துக்கு நிமிஷம் கார் இறங்க ஆரம்பிச்சதும் இந்தக் காத்திருப்பு பெரிய தலைவலி ஆயிடுச்சு. நம்ம பாஷையில சொன்னா, பைப்லைன்ல மத்த எல்லா ஸ்டேஜும் வேகமாயிடுச்சு, இது மட்டும் பிளாக் பண்ணிட்டு நிக்குது. ஃபோர்டு மாடல் டி ரொம்ப வருஷம் கறுப்புல மட்டுமே வந்ததுக்கு, சூளையில சுட்டு எடுக்கிற மலிவான கறுப்பு எனாமலும் ஒரு காரணம்.

இந்த பிளாக்கை உடைச்சது வெடிமருந்து கம்பெனி. ட்யூபான்ட்டோட அடிப்படைத் தொழிலே வெடிமருந்துதான். அந்தத் தொழில்ல புழங்கின நைட்ரோசெல்லுலோஸையே கரைச்சு 'டுகோ'ன்னு ஒரு லாக்கர் கொண்டு வந்தாங்க. ஜெனரல் மோட்டார்ஸோட ஓக்லாண்ட் கார் 1924 மாடல்ல நீல நிறத்துல அந்த பெயிண்ட்டோட வந்துச்சு. வாரக்கணக்கு நாள்கணக்கு ஆயிடுச்சு. நம்ம ஊர்ல இப்பவும் பழைய பெயிண்ட்டர்கள் வாயில 'டுகோ பெயிண்ட்'டுங்கிற வார்த்தை வரும். கம்பெனி பேரு பொருளோட பேரா ஆயிடுச்சு, ஜெராக்ஸ் மாதிரி. ஈரப்பதம் அதிகமா இருந்தா இந்த லாக்கர் வெளுத்துப் போகும். ஐப்பசி மழையில காஞ்சிபுரத்துல லாக்கர் அடிக்கிறது எவ்வளவு வேதனைன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

பெயிண்ட் வேகமாயிடுச்சு. தேய்க்கிறது? அங்கதான் எனக்குப் பிடிச்ச கதை இருக்கு. 1920ல அமெரிக்காவுல 3எம் கம்பெனிக்கு ஒரு லெட்டர் வருது: நீங்க உப்புத்தாளுக்குப் போடுற மணல் வகை எல்லாத்துலயும் சாம்பிள் அனுப்புங்க. எழுதினவர் பிலடெல்ஃபியாவுல மை தயாரிச்ச பிரான்சிஸ் ஓகி. இவருக்கு எதுக்கு மணல்னு கம்பெனிக்குச் சந்தேகம். விசாரிச்சா, தண்ணியில ஊறினாலும் பிரியாத உப்புத்தாள் கண்டுபிடிச்சிருக்கார். 1921ல அது மார்க்கெட்டுக்கு வந்துச்சு. நம்ம கடையில 'வாட்டர் பேப்பர்'னு கேட்டா எடுத்துக் கொடுக்கிறாங்களே, அதோட மூதாதை அதுதான். பளபளப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஈயப் பூச்சைக் காய்ஞ்சபடி தேய்ச்சா ஈயத்தூசி நேரா நெஞ்சுக்குள்ள போகும். தண்ணி ஊத்தித் தேய்ச்சா தூசி சேறாக் கீழ ஓடிடும். அது பெயிண்ட்டர் உயிரைக் காப்பாத்தின விஷயம்.

அந்தப் பேப்பரை பாடி ஷாப்ல டெஸ்ட் பண்ணப் போன 3எம் பையன்தான் ரிச்சர்ட் ட்ரூ. இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில விட்டவர், பாஞ்சோ வாசிக்கிறவர். அங்க ரெண்டு கலர் கார் அடிக்கிறவங்க, ஒட்டின காகிதத்தைப் பிரிச்சா பெயிண்ட்டும் சேந்து உரிஞ்சு வருதுன்னு திட்டிட்டு இருக்காங்க. 1925ல மாஸ்கிங் டேப் பிறந்தது இப்படித்தான். யூசர் இன்டர்வியூன்னு நாம இன்னைக்கு சீன் போடுறது எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இப்ப பட்டிக்கு வருவோம். தகட்டுல பள்ளம் இருந்தா முன்னெல்லாம் ஈயத்தை உருக்கி ரொப்பி அரத்தால ராவுவாங்க. 1950கள்ல பாலியெஸ்டர் பிசினும் டால்க் பவுடரும் கலந்த பட்டி வந்துச்சு. ஹார்டனர் கலந்தா அரை மணி நேரத்துல தேய்க்க ரெடி. தீ வேண்டாம், ஈயம் வேண்டாம். பெரிய விடுதலை, ஆனா ஒரு சிக்கலோட. இந்தப் பட்டி தண்ணியைக் குடிக்கும். ஈரத்தை உள்ள வெச்சுட்டு மேல பிரைமர் அடிச்சா, சில மாசம் கழிச்சு கொப்புளம் வரும், அடியில துரு ஏறும். அதனால பட்டியைக் காய்ஞ்சபடிதான் தேய்க்கணும்னு தயாரிக்கிறவங்க சொல்றாங்க. ஓகியோட தண்ணி விரட்டின தூசி, முப்பது வருஷத்துல வேற வேஷத்துல திரும்பி வந்துடுச்சு.

ஏனாத்தூர்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள இருங்காட்டுக்கோட்டை. 1998ல இருந்து அங்க ஹூண்டாய் கார் செய்யுது. அந்த மாதிரி ஃபேக்டரியில பட்டி பாக்கிற வேலையே கிடையாது. வெறும் தகடு பாடியைக் கழுவி, பாஸ்ஃபேட் தொட்டியில முக்கி, அப்புறம் மின்சாரம் பாயுற பெயிண்ட் தொட்டியில முழுசா முக்கி எடுப்பாங்க. 1960கள் தொடக்கத்துல ஃபோர்டுல வந்த முறை இது. ஆனா அதே கார் ஒரு லாரியில உரசிட்டு ஷெட்டுக்கு வந்தா, தொட்டி கிடையாது. ஒரு ஆள், ஒரு கட்டை, உப்புத்தாள்.

80 நம்பர்ல ஆரம்பிச்சு, 180, 320ன்னு ஏறணும். பட்டி, பிரைமர் சர்ஃபேசர், மேல லேசா ஒரு கறுப்புத் தூவல். தேய்க்கும்போது கறுப்பு எங்க மிச்சம் நிக்குதோ அங்க பள்ளம். அதுக்கு மேல உள்ளங்கைதான் கருவி. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தை கை சொல்லிடும். தூசியை உறிஞ்சுற மெஷின் பெரும்பாலான ஷெட்ல இல்ல, மூக்குல கட்டுறது ஒரு கர்சீப். அதனால பட்டிக்கும் தண்ணி ஊத்திடுறாங்க. நாம அதை 'தெரியாத வேலை'ன்னு சொல்லிடுவோம். எனக்கு அது அப்படித் தெரியல. கொப்புளம் வர்றது நம்ம கதவுல, தூசி போறது அவர் நெஞ்சுல. எதைக் காப்பாத்துறதுன்னு அவர் முடிவு பண்றார்.

அதோட முடியல. கடைசியா அடிக்கிற 2கே க்ளியர் கோட்டோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. ஸ்ப்ரே பண்ற இடத்துல அது ஆஸ்துமா வரவைக்கும். பிரிட்டன்ல தொழிலால வர்ற ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணமா இதைச் சொல்றாங்க. வாசனையை வெச்சு கண்டுபிடிக்க முடியாது, துணி மாஸ்க் நிறுத்தாது, வெளியில இருந்து குழாய்ல சுத்தமான காத்து வர்ற மாஸ்க் வேணும். ஷெட்ல கம்ப்ரஸர் ஏற்கெனவே ஓடிட்டுத்தான் இருக்கு. காத்தை வடிகட்டுற ஃபில்டரும் அந்த மாஸ்க்கும்தான் இல்ல. அதுக்கான காசு, நாம "ஐந்நூறு குறைச்சுக்கோங்கண்ணே"ன்னு பேரம் பேசுற அந்த பில்லுல இருந்துதான் வரணும்.

அடுத்த எபிசோட்ல புதுப்பேட்டை. பழைய கார்களைப் பிரிச்சு விக்கிற அந்தச் சந்தைக்குள்ள போறோம். பை மக்களே!