டர்ஹாம் நகரில் ஒரு வாத்தியத் திருநாள்



பாண்டு வாத்தியம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? கல்யாண ஊர்வலத்தில் சரிகை தைத்த சிவப்புச் சட்டையணிந்து முன்னே செல்லும் பாண்டு செட்டாக இருக்கலாம். அல்லது சுதந்திர தினத்தன்று பள்ளி மைதானத்தில் அணிவகுப்புக்குத் தாளம் தரும் மாணவர் குழுவாக இருக்கலாம். எப்படியாயினும் அதனைச் சரித்திரப் பாடத்தோடு இணைத்து நீங்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் சரித்திரம் போதித்த நானும் அவ்வாறு எண்ணிப் பார்த்தவனல்லன். 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13ஆம் தேதி, இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள டர்ஹாம் நகரில், ஒரு பகல் முழுவதும் வாத்தியக் குழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பாடம் எனக்குக் கிட்டியது. அதனை இன்று உங்களிடம் கூற விழைகிறேன்.

நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, நியூகாசில் நகரில் வாழ்ந்துவந்த என் மகளையும் மருமகனையும் காணச் சென்றிருந்தேன். அங்கே அது கோடைக் காலம். "அப்பா, சனிக்கிழமை டர்ஹாமில் சுரங்கத் தொழிலாளர் திருவிழா. ஊர் ஊராகப் பாண்டு வாத்தியம் வரும். விடியற்காலையிலேயே புறப்பட்டால்தான் நிற்க இடம் கிடைக்கும்" என்றாள் மகள். அவ்வாறே புறப்பட்டோம். ஜூலை மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் நடைபெறும் அவ்விழாவுக்கு அவ்வூர் மக்கள் இட்டிருக்கும் செல்லப் பெயர் 'பெரிய கூட்டம்' என்பதாம்.

டர்ஹாம் சிறிய நகரம். வியர் என்னும் ஆறு அதனை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆற்றின் மேலே, குன்றின் உச்சியில், 1093ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பெற்ற பேராலயம் கம்பீரமாக நிற்கிறது. காலை எட்டு மணியளவில் தூரத்தில் முரசொலி கேட்டது. பின்னர் எல்வெட் பாலத்தின் வழியாக முதற் குழு வந்தது. பளபளக்கும் பித்தளை வாத்தியங்கள். அவற்றோடு ஆளுயரத்தினும் மிக்க ஒரு பட்டுப் பதாகை. அதில் வண்ண ஓவியமும் ஒரு சுரங்கத்தின் பெயரும் காணப்பட்டன. அவர்களோடு அவ்வூர் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நடந்து வந்தனர். ஒரு குழு சென்றதும் அடுத்த குழு. அதன் பின் மற்றொன்று. இவ்வாறு நண்பகல் வரையிலும் வந்துகொண்டேயிருந்தன.

பழைய எல்வெட் தெருவில் ஒரு பெரிய விடுதி உண்டு. அதன் மேல்மாடத்தில் தொழிற்சங்கத் தலைவர்களும் விருந்தினரும் நின்றிருந்தனர். ஒவ்வொரு குழுவும் அம்மாடத்தின் கீழ் நின்று, தனக்கென்று தேர்ந்து பயின்ற ஓர் உருப்படியை வாசித்துவிட்டே மேலே சென்றது. சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரக்காரர் வீதிச் சந்தியில் நின்று, தம் வித்தையையெல்லாம் காட்டிவிட்டுப் பின் நகர்வாரே, அக்காட்சியே என் நினைவுக்கு வந்தது.

இத்திருவிழா எவ்வாறு தோன்றியது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் டர்ஹாம் வட்டாரம் முழுவதும் நிலக்கரிச் சுரங்கங்கள் பரவியிருந்தன. சுரங்கத் தொழிலாளி ஆண்டுதோறும் முதலாளியிடம் ஓர் ஒப்பந்தத்தில் கைந்நாட்டு இடவேண்டும். இட்டபின் ஆண்டு முடியுமுன் வேலையை விட்டு நீங்கினால் சிறைத் தண்டனை கிடைக்கும். இந்நிலையை எதிர்த்து 1869ஆம் ஆண்டில் டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. 1871ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் முதற் பெருங்கூட்டம் வார்ட்டன் பூங்காவில் நடைபெற்றது. அடுத்த ஆண்டிலேயே அது ஆற்றங்கரையிலுள்ள பந்தயத் திடலுக்கு மாறியது. இன்றளவும் அங்கேயே நடைபெறுகிறது. அந்த 1872ஆம் ஆண்டிலேயே கொடிய ஓராண்டு ஒப்பந்த முறையும் ஒழிந்தது.

தொடக்க ஆண்டுகளில் நகரத்துக் கடைக்காரர்கள் அஞ்சிக் கதவடைத்தார்களாம். கரி படிந்த முகத்தோடு பூமிக்கடியில் உழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தால் என்ன நேருமோ என்பது அவர்களது கலக்கம். வந்தவர்களோ வெளுத்த சட்டையணிந்து, மனைவி மக்களோடு, வாத்திய ஓசைக்கேற்ப அடியெடுத்து வந்தனர். 'நாங்களும் மதிக்கத்தக்க மனிதர்களே' என்று வாய்திறந்து கூறாமல் வாத்தியத்தால் கூறினர் எனலாம்.

சுரங்கத் தொழிலாளருக்கும் இந்த வாத்தியத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை ஒரு சிறு கருவியில் இருக்கிறது. பழைய காலத்து ஊதுகொம்பில் சில ஸ்வரங்களே எழும். 1818ஆம் ஆண்டில் ஜெர்மானியர் இருவர் பித்தளைக் குழலில் வால்வு பொருத்தும் முறைக்கு உரிமை பெற்றனர். பிற்பாடு அம்முறை திருத்தம் பெற்றது. மூன்று வால்வுகளை மூன்று விரல்களால் அழுத்தி எல்லா ஸ்வரங்களையும் எழுப்பலாம் என்றாயிற்று. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலால் வயலின் தந்தியை நுட்பமாகத் தொடுவது அரிது; வால்வை அழுத்துவது எளிது. மேலும், கார்னெட் என்னும் சிறு குழல் முதல் டியூபா என்னும் பெருங்குழல் வரையில் விரல் வைக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே. ஒன்றைக் கற்றவன் மற்றொன்றை விரைவில் எடுத்து வாசிக்கலாம். ஒருவர் நோயுற்றாலும் விபத்தில் இறந்தாலும் அவரிடத்தில் வேறொருவர் நின்று குழுவைக் காப்பாற்றலாம். சுரங்க ஊர்களில் அத்தகைய தேவை அடிக்கடி நேர்ந்தது.

என் பக்கத்தில் ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். தாமும் இளமையில் சுரங்கத்தில் உழைத்தவரே என்றார். தெருவில் பத்து அல்லது பதினோரு வயதுள்ள சிறுமி ஒருத்தி கார்னெட் வாசித்துக்கொண்டு சென்றாள். அவள் குழுவின் பதாகையிலும் ஒரு சுரங்கத்தின் பெயர் இருந்தது.

"அந்தச் சுரங்கத்தில் இப்போது எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைச் சற்று வியப்போடு நோக்கினார். "ஐயா, அந்தக் குழந்தை பிறப்பதற்கு வெகு காலம் முன்பே அதை மூடிவிட்டார்கள். இங்கே எந்தச் சுரங்கமுமே இல்லை" என்றார்.

நான் திகைத்துப் போனேன். 1913ஆம் ஆண்டையொட்டி இவ்வட்டாரச் சுரங்கங்களில் ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் உழைத்தனர். 1947ஆம் ஆண்டில் நாட்டின் சுரங்கங்கள் அரசுடைமையாயின. பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்தன. 1984ஆம் ஆண்டில் தொடங்கி ஓராண்டுக் காலம் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தமும் தோல்வியில் முடிந்தது. 1993ஆம் ஆண்டில் டர்ஹாம் வட்டாரத்தின் கடைசி ஆழ்சுரங்கமும் மூடப்பட்டது. நான் நின்றிருந்த நாளுக்கு அது இருபத்தாறு ஆண்டு முந்தைய செய்தி. தொழில் இல்லை, முதலாளி இல்லை, ஒரு கூடை கரியும் வெட்டப்படுவதில்லை. ஆயினும் வாத்தியக் குழுக்கள் வந்துகொண்டேயிருந்தன.

பந்தயத் திடலில் கூட்டம் புல்தரையில் அமர்ந்தது. பதாகைகளைச் சுற்றிலும் வேலியோரமாகக் கட்டி நிறுத்தினர். ஆற்றைக் கண்டபோது, நான் படித்திருந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. 1925ஆம் ஆண்டு விழாவில், கோபங்கொண்ட தொழிலாளர் சிலர் ஒரு பாதிரியாரைச் சூழ்ந்து ஆற்றை நோக்கித் தள்ளிச் சென்றனர். தங்களுக்கு எதிராகப் பேசிவந்த பிஷப் ஹென்சன் என்று அவரை எண்ணிவிட்டனர். உண்மையில் அவர் பேராலயத்தின் டீனாகிய வெல்டன். அவர் யார் தெரியுமா? இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஹாரோ பள்ளியில் சர்ச்சிலுக்குத் தலைமையாசிரியராக இருந்தவர். பின்னர் நம் கல்கத்தாவில் பிஷப்பாகவும் இருந்தவர். நல்லவேளையாக அவரைப் படகிலேற்றிக் காப்பாற்றினார்கள். தலைமையாசிரியர் ஒருவருக்கு இக்கதி நேர்ந்தது என்பதால் என் அனுதாபம் அவர் பக்கமே சென்றது! எனினும், அவ்வளவு கோபம் எழ வேண்டுமாயின் அம்மக்களின் துன்பம் எத்தகையதாக இருந்திருக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

அத்துன்பத்தை அன்று பிற்பகல் செவியால் கேட்டேன். ஒரு குழு எழுந்து 'கிரெஸ்ஃபோர்ட்' என்னும் இசையை வாசித்தது. உடனே திடலில் பேச்சொலி அடங்கிற்று. ஆடவர் தொப்பியைக் கழற்றினர். வேல்ஸ் நாட்டில் கிரெஸ்ஃபோர்ட் என்றொரு சுரங்கம் இருந்தது. 1934ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி, பின்னிரவில், அதனுள் வெடிவிபத்து நேர்ந்து 266 பேர் மாண்டனர். தீ அடங்காமையால் சுரங்கத்தையே மூடிவிட்டனர். மிகப் பெரும்பாலோரின் உடல்கள் இன்றும் உள்ளேயே கிடக்கின்றன. அதனை விசாரித்த குழுவின் முன் தொழிலாளர் சார்பாக ஊதியம் பெறாமல் வாதாடியவர் சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ். 1942ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குத் தூது வந்த அதே கிரிப்ஸ்தான். டர்ஹாம் வட்டாரத்துச் சுரங்கத் தொழிலாளியாகிய ராபர்ட் செயின்ட் என்பவர் அவ்விபத்தை நினைந்து இவ்விசையை இயற்றினார். அதற்குச் சொற்கள் இல்லை. 'சுரங்கத் தொழிலாளரின் கீதம்' என்று அதனை அழைக்கிறார்கள்.

ஓராண்டில் எந்தச் சுரங்கத்திலாவது மரணம் நேர்ந்திருந்தால், அவ்வாண்டு அதன் பதாகைக்குக் கறுப்புத் துணி போர்த்திக் கொண்டுவருவது வழக்கம். 1951ஆம் ஆண்டு மே மாதத்தில் ஈசிங்டன் சுரங்க வெடிப்பில் 83 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு அவ்வூர்ப் பதாகையும் கறுப்பணிந்தே வந்தது. இச்செய்திகளை முதியவர் எனக்கு எடுத்துரைத்தார். பின்பு, "எங்கள் ஊரில் சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது புல்தான் முளைத்திருக்கிறது. என் பேரனிடம் அதைக் காட்டினால் அவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவன் கையில் ஒரு குழலைக் கொடுத்தேன். இப்போது 'இது யாருடைய பாட்டு, தாத்தா?' என்று அவனே கேட்கிறான்" என்றார்.

அச்சொற்கள் என்னைச் சுட்டன. அதன் காரணத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. நான் தலைமையாசிரியராயிருந்த பள்ளியில் ஒரு பாண்டு வாத்தியக் குழு இருந்தது. நான்கைந்து முரசுகள், பியூகிள்கள், இரண்டு கார்னெட்டுகள். எனக்கு முன்னிருந்தோர் நன்கொடை திரட்டி வாங்கியவை. தேர்வுக்குரிய நேரம் வீணாகிறது என்று கருதி அக்குழுவை நான் கலைத்தேன். வாத்தியங்களைப் பழைய சாமான்களோடு ஏலத்தில் விற்கும் தாளில் கையெழுத்திட்டவனும் நானே. பாண்டு வாத்தியார் என்னிடம் வந்து, "ஸார், பித்தளை போனால் பித்தளை வாங்கிக்கொள்ளலாம். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற வழக்கம் அறுந்துபோனால், அதை எந்தக் கடையில் வாங்குவது?" என்று கேட்டார். நான் அப்போது புன்னகை செய்தேன். அதன் விடை எனக்கு டர்ஹாமில்தான் கிடைத்தது.

பிற்பகலில் சில குழுக்கள் பேராலயத்துக்குச் சென்றன. புதிதாகச் செய்த பதாகைகளை அங்கே ஆசீர்வதிக்கிறார்கள். சுரங்கம் மூடிய ஊரிலும் பழைய பட்டு நைந்துவிட்டால், மக்கள் பணம் திரட்டிப் புதுப் பதாகை செய்துகொள்கிறார்கள்! மெல்ல மெல்ல முரசு ஒலிக்க, உயர்ந்த தூண்களுக்கிடையே அப்பதாகை சாய்ந்து நுழைந்த காட்சியைக் கண்டு, ஏனென்றறியாமலே என் கண்கள் கலங்கின. மாலையில் குழுக்கள் வந்த வழியே வாசித்துக்கொண்டு திரும்பின. காலையில் கண்ட அச்சிறுமி களைத்துப்போயிருந்தாள். ஆயினும் அடி தவறவில்லை.

மாணவர்களே, சரித்திரம் ஏட்டிலும் கல்வெட்டிலும் இருக்கிறது என்று நான் பல்லாண்டு போதித்தேன். அது தவறன்று. ஆனால் கல்வெட்டு தானே பேசாது, படிப்பவன் வேண்டும். ஒரு கலையோ, பாட்டோ, தொழில் நுட்பமோ ஒரு தலைமுறையின் கையிலிருந்து அடுத்த தலைமுறையின் கைக்குச் செல்லும்போது, அதனோடு அதன் கதையும் செல்கிறது. இடையே ஒரு தலைமுறை கைநீட்டத் தவறினால் இரண்டும் அற்றுப்போகும்.

ஊர் திரும்பியதும் நான் அந்தப் பாண்டு வாத்தியாரைத் தேடிச் சென்றேன். தளர்ந்திருந்தார், ஆயினும் நினைவு மங்கவில்லை. என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் கூறாமல், பரணிலிருந்து ஒரு பழைய பியூகிளை இறக்கச் செய்தார். ஏலத்தன்று தம் கைப்பணம் கொடுத்து அதனை வாங்கி வைத்திருந்தாராம். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் எங்கள் தெருச் சிறுவர் ஆறுபேர் முறைவைத்து அதனை ஊதிப் பழகுகின்றனர். ஓசை இன்னும் இனிமையாக இல்லை என்பது உண்மையே. அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் இத்தகைய முதியவர் ஒருவர் இருப்பார். பறையோ, நாகசுரமோ, தெருக்கூத்துப் பாட்டோ, நெசவோ, ஏதேனும் ஒன்று அவர் கையில் இருக்கும். விடுமுறையில் ஒரு நாள் அவரிடம் சென்று அமருங்கள். 'இது யாருடையது, தாத்தா?' என்று கேளுங்கள்.