டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ் வகுப்பு

தாய்மொழியைப் பேச அறிந்தும் அதன் எழுத்தை அறியாத பிள்ளைகளுக்கு, அம்மொழியைச் சரிவரப் பேச அறியாத ஒருவர் எழுத்துக் கற்பித்த வரலாறு ஒன்று உண்டு. இடம், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால். காலம், 1910 முதல் 1913 வரை. பிள்ளைகள், கடல் கடந்து பிழைக்கச் சென்ற தமிழரின் மக்கள். ஆசிரியர், காந்தியடிகள்.

1906இல் டிரான்ஸ்வால் அரசு, இந்தியர் அனைவரும் கைரேகை பதித்துப் பதிவுச்சீட்டுப் பெற வேண்டும் என்ற சட்டத்தைக் கொண்டுவர முற்பட்டது. அதனை எதிர்த்து எழுந்த சத்தியாக்கிரகம் ஆண்டுக் கணக்கில் நீண்டது. தமிழர் பெருந்தொகையினராகச் சிறை புகுந்தனர். தம்பி நாயுடு போன்றோர் விடுதலையாவதும் மீண்டும் சிறை செல்வதுமாக இருந்தனர். வீட்டுத் தலைவர் சிறையில் இருக்க, மனைவி மக்களைக் காப்பது யார் என்ற கேள்வி எழுந்தது. அவ்வேளையில், காந்தியடிகளின் நண்பரும் ஜெர்மானிய யூதருமான கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், 1910 மே 30 அன்று தம்முடைய 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அளித்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி என்னும் சிறு ரயில் நிலையத்தை அடுத்து அந்நிலம் இருந்தது. ஏறத்தாழ 1,000 கனிமரங்களும் இரண்டு கிணறுகளும் ஒரு சிறு ஊற்றும் அதன் செல்வங்கள்.

பண்ணைக்கு ருஷ்ய அறிஞர் டால்ஸ்டாயின் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயரிலும் தமிழுக்கு ஓர் உறவு இருக்கிறது. 1908 டிசம்பரில் இந்தியர் ஒருவருக்கு டால்ஸ்டாய் எழுதிய நீண்ட மடலில், பகைமைக்குப் பகைமை மருந்தாகாது என்பதற்குச் சான்றாகத் திருக்குறளை எடுத்துக்காட்டியிருந்தார். அம்மடலை 1909இல் கப்பற் பயணத்தின்போது குஜராத்தியில் மொழிபெயர்த்தவர் காந்தியடிகள். வள்ளுவர் வாக்கு ருஷ்யா வழியே சுற்றி வந்து அவர் கைக்குச் சேர்ந்தது.

பண்ணையில் குடியேறியவர்களுள் இளைஞர் ஏறத்தாழ 40 பேர், முதியோர் இரண்டு மூவர், பெண்கள் ஐவர், குழந்தைகள் 20 முதல் 30 வரை. அக்குழந்தைகளுள் பெண்மக்கள் நால்வர் அல்லது ஐவரே. இந்து, முஸ்லிம், கிறித்தவர், பார்சி என நான்கு சமயத்தார். தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி என நான்கு மொழியினர். அடுப்பு மட்டும் ஒன்று. அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். உண்ட கலத்தை அவரவரே கழுவினர். வேலையாட்கள் இல்லை. சமையல் முதல் கழிவகற்றுதல் வரை எல்லாம் உறைவோர் பொறுப்பு. சொந்த வேலையாக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும். அதிகாலை 2 மணிக்கு எழுந்து கட்டுச்சோற்றுடன் புறப்படுவது வழக்கம்.

இங்கேதான் பள்ளி தோன்றியது. தனியே ஆசிரியர்களை அமர்த்தப் பொருளில்லை. காந்தியடிகளும் காலன்பாக்குமே முதன்மை ஆசிரியர்கள். காலையில் நிலத்தைக் கொத்துதல், மரம் நடுதல், விறகு பிளத்தல் ஆகிய பணிகள். மரியன்ஹில் என்ற ஊரிலிருந்த டிராப்பிஸ்ட் துறவியர் மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்த காலன்பாக், அதனைக் காந்தியடிகளுக்குக் கற்பித்தார். அவரிடமிருந்து பிள்ளைகள் கற்றனர். தச்சு வேலையும் நடந்தது. ஏட்டுக் கல்விக்குப் பிற்பகலே எஞ்சியது. உழைத்த களைப்பில் மாணவர் தூங்கி விழுவர். ஆசிரியர்களும் தூங்கி விழுவர். கண்ணில் நீர் தெளித்துக்கொண்டும் விளையாட்டுக் காட்டியும் பாடம் நடத்த முயன்றதையும், பல நாள் அது பலிக்காமற் போனதையும் காந்தியடிகள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் தாய்மொழி கற்பிக்கப்பட வேண்டும் என்பது பள்ளியின் கொள்கை. தமிழையும் உருதுவையும் காந்தியடிகள் ஏற்றார். அவரிடமிருந்த தமிழ் மிகச் சிறிது. கப்பலிலும் சிறையிலும் கற்றது, ஜி.யு.போப் எழுதிய தமிழ்க் கையேட்டிற்கு அப்பால் அவர் சென்றதில்லை. மாணவரோ தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். வீட்டுப் பேச்சளவில் தமிழ் உண்டு. எழுத்து அறவே தெரியாது. ஆகவே அரிச்சுவடியும் இலக்கணத்தின் தொடக்கமும் கற்பித்தால் போதும் என்ற நிலை. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த போப்பிடமிருந்து குஜராத்தியர் ஒருவர் பெற்ற தமிழ் எழுத்து, அவர் வழியே ஆப்பிரிக்க மண்ணில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

பேச்சுத் தமிழில் தம்மை எந்நாளும் வென்றுவிடுவார்கள் என்று மாணவர் அறிந்திருந்ததை ஆசிரியரும் அறிந்திருந்தார். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் அவரைக் காண வந்தால், மாணவர்களே மொழிபெயர்ப்பாளர் ஆயினர். காலையில் மாணவனிடம் பேச்சுதவி பெற்றவர், பிற்பகலில் அவனுக்கே எழுத்துக் கற்பித்தார். தம் அறியாமையை மாணவரிடம் ஒருபோதும் மறைக்காததாலேயே பள்ளி இனிது நடந்தது என்பது அவர் கூறிய விளக்கம்.

கல்வி சுவடியோடு நின்றுவிடவில்லை. ரமலான் திங்களில் முஸ்லிம் பிள்ளைகள் நோன்பிருக்க, மற்றவர்களும் உடன் நோன்பிருக்க ஊக்குவிக்கப்பட்டனர். மற்றவர்கள் கதிரவன் மறையுமுன் உண்டு முடித்து, முஸ்லிம் தோழருக்கு மாலை உணவு சமைத்து வைத்தனர். புலால் உண்டு பழகிய குடும்பங்களும் பொது அடுப்பின் சைவ உணவை ஏற்றன.

இப்பள்ளியின் வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுதுவது முறையன்று. முரடனான ஒரு மாணவனைக் காந்தியடிகள் ஒருமுறை வரைகோலால் கையில் அடித்தார். அடித்த கை நடுங்கியது. மாணவன் அழுது மன்னிப்புக் கேட்டான். அடித்ததைக் குறித்து அவர் வாழ்நாள் முழுவதும் வருந்தினார். பின்னர் எம்மாணவரையும் அடிக்கவில்லை. மற்றொரு நிகழ்ச்சி இன்னும் கடினமானது. இரண்டு சிறுமியரை இளைஞர் சிலர் கேலி செய்தனர். இளைஞரைக் கண்டித்ததோடு அமையாமல், அச்சிறுமியரின் கூந்தலைக் களையவும் அவர் முடிவு செய்தார். சிறுமியரும் மூதாட்டியரும் முதலில் மறுத்தனர், பின்னர் இசைந்தனர். அவரே தம் கையால் கத்தரித்தார். குற்றம் இளைஞருடையது, இழப்புச் சிறுமியருடையது. இதனை இன்றைய நெஞ்சம் ஏற்பதற்கில்லை. பண்ணையில் தாம் செய்து பார்த்தவற்றைப் பிறர் அப்படியே பின்பற்றலாகாது என்று அவரே எச்சரித்ததும் கருதத்தக்கது.

1913ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காந்தியடிகளும் பிள்ளைகளும் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் பெயர்ந்தனர். பண்ணைப் பள்ளி முடிவுற்றது. ஆனால் அங்கு வளர்ந்த உறுதி முடிவுறவில்லை. அவ்வாண்டு அக்டோபரில், முன்பு பண்ணையில் வாழ்ந்த பெண்கள் 11 பேர் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்றனர். ஒருவரைத் தவிர ஏனையோர் தமிழ்ப் பெண்கள். சுரங்கத்தில் உழன்ற தமிழரிடம் அவர்கள் தமிழிலேயே பேசினர். வேலைநிறுத்தம் மூண்டது, பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. பல்லாயிரவர் எழுந்த அப்போராட்டம் 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டத்தைப் பெற்றுத் தந்தது.

பண்ணைப் பள்ளிக்கு நிதியில்லை, நூலகமில்லை, புலமை வாய்ந்த தமிழாசிரியரும் இல்லை. கையேடு ஒன்றும், களைப்பில் மூடும் கண்களும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையுமே இருந்தன. அவற்றைக் கொண்டே எழுத்தறியாத தமிழ்ப் பிள்ளைகள் தம் மொழியின் எழுத்தைக் கண்டனர். நிறைந்த புலமை வரும்வரை காத்திருப்போம் என்று அந்த ஆசிரியர் எண்ணியிருந்தால், அப்பிள்ளைகளின் இளமை அதற்குள் கடந்து போயிருக்கும்.